ராஜா கழுத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது?

2020 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரே ஒரு காசு பத்து லட்சம் பவுண்டுக்குக் கை மாறியது. எட்டாம் எட்வர்டின் தலை பொறித்த தங்க சவரன். அன்றைய தேதிக்கு ஒரு பிரிட்டிஷ் காசுக்குக் கிடைத்த சாதனை விலை அதுதான். செய்தி படித்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

சரி, அந்தக் காசு அப்படி என்னதான் செய்தது?

ஒன்றுமே செய்யவில்லை! எட்டாம் எட்வர்ட் காதலுக்காக 1936 டிசம்பரில் முடியைத் துறந்துவிட்டுப் போனவர். பட்டத்தில் இருந்ததே ஒரு வருஷத்துக்கும் குறைவு. 1937 என்று தேதி போட்டு, மாதிரிக்கு அடித்துப் பார்த்த அவருடைய காசுகள் புழக்கத்துக்கு வரவே இல்லை. அந்தச் சவரனைக் கொடுத்து யாரும் ஒரு ரொட்டி வாங்கியதில்லை. யாரும் கூலியாகப் பெற்றதில்லை. காசு என்ற பெயரில் பிறந்து, காசு செய்ய வேண்டிய எந்த வேலையும் செய்யாமல், பெட்டிக்குள்ளேயே வயசான ஒரு பொருள். அதற்குத்தான் பத்து லட்சம்.

பழைய பிரிட்டிஷ் காசு சேர்க்கும் பொழுதுபோக்குக்கு என்ன வியாதி பிடித்திருக்கிறது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு விற்பனை போதும். ஒரு காசுக்கு என்னவெல்லாம் நடக்கவில்லையோ, அதற்குத்தான் அங்கே விலை. தேயவில்லையா? விலை. நிறைய அடிக்கவில்லையா? விலை. மனிதக் கையே படவில்லையா? இன்னும் விலை! அந்தக் காசுக்கு என்ன நடந்தது, அது எங்கிருந்து வந்தது, அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிற ஆள்தான் குறைந்துகொண்டே போகிறார்.

இது பொழுதுபோக்கைக் குறை சொல்வதற்காக அல்ல. இதைவிட மலிவாகச் சரித்திரத்தைக் கையில் பிடிக்க வேறு வழி கிடையாது. விக்டோரியா காலத்துத் தேய்ந்த பென்னிகள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை; ஒரு சினிமா டிக்கெட் காசுக்குள் வாங்கிவிடலாம். குறை பொழுதுபோக்கில் இல்லை. விலைப் பட்டியலைப் படிக்கத் தெரிந்து, காசைப் படிக்கத் தெரியாமல் போனதில்தான் குறை.

யானை எதற்காக?

ஆதாரம் வேண்டுமா? 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தங்கக் காசான 'கினி'யை எடுத்துக்கொள்ளலாம். 1663-இல் இரண்டாம் சார்லஸ் காலத்தில் இது முதன்முதலாக அடிக்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் கினிக் கடற்கரை என்று ஐரோப்பியர் அழைத்த பகுதியிலிருந்து தங்கம் வந்ததால் இந்தப் பெயர். இந்தக் காசுகள் சிலவற்றில் ராஜாவின் தலைக்குக் கீழே ஒரு சின்ன யானை இருக்கும். பிற்பாடு அதன் முதுகில் ஒரு கோட்டையும் ஏறிக்கொண்டது.

ஒரு சேகரிப்பாளரிடம் இந்த யானையைப் பற்றிக் கேட்டால் உடனே பதில் வரும்: "அது ஒரு வெரைட்டி. யானை இருந்தால் விலை ஜாஸ்தி." அத்தோடு சரி.

அந்த யானை வெறும் அலங்காரம் அல்ல. ஆப்பிரிக்காவோடு வியாபாரம் செய்ய அரசரிடம் ஏகபோக உரிமை வாங்கிய கம்பெனியின் சின்னம். முதலில் 1660-இல் உரிமை பெற்ற ஒரு கம்பெனி, பிறகு 1672-இல் அதன் இடத்துக்கு வந்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி. அதன் தலைவர் வேறு யாருமில்லை, அரசரின் தம்பி, யார்க் டியூக் ஜேம்ஸ். பின்னாளில் இரண்டாம் ஜேம்ஸ் என்று அரியணை ஏறியவர். கம்பெனி கொண்டுவந்த தங்கத்தில் அடித்த காசு இது என்று ஊருக்குச் சொல்லத்தான் யானை.

அந்தக் கம்பெனி தங்கம் மட்டுமா கொண்டுவந்தது? ஆப்பிரிக்க ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் பிடித்து விலைக்கு வாங்கி, கப்பலில் அடைத்து, கரீபியத் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோய் அடிமைகளாக விற்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். வழியிலேயே செத்து, கடலில் வீசப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். பிடிபட்டவர்களின் உடம்பில் கம்பெனியின் அடையாளத்தைச் சூட்டுக்கோலால் போட்டார்கள்.

யோசித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. ஒரே கம்பெனி. தங்கத்தின் மேல் ஒரு முத்திரை, மனிதத் தோலின் மேல் ஒரு முத்திரை. முதல் முத்திரை இன்றைக்கும் ஏலக் கேட்டலாக்கில் "அரிய வகை" என்று மின்னுகிறது. இரண்டாவதைப் பற்றி அந்தக் கேட்டலாக்கில் பெரும்பாலும் ஒரு வரி கூட இருக்காது.

கொள்ளைக்கு ரசீது

யானையோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் காசுகளில் உலோகம் எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கும் பழக்கம் பல காலம் இருந்தது. அந்த அடையாளங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும்.

ஆன் ராணியின் 1702, 1703 தேதியிட்ட சில காசுகளில் தலைக்குக் கீழே "விகோ" என்று இருக்கும். 1702 அக்டோபரில் ஸ்பெயினின் விகோ வளைகுடாவில் ஆங்கில-டச்சுக் கப்பற்படை ஸ்பானியப் புதையல் கப்பல்களைத் தாக்கியது. அங்கே பிடித்த வெள்ளியையும் தங்கத்தையும் உருக்கி அடித்த காசுகள் இவை. அப்போது நாணயச்சாலையின் தலைவர் ஐசக் நியூட்டன் (ஆமாம், ஆப்பிள் கதையின் அதே நியூட்டன்தான்!). வேடிக்கை என்னவென்றால், கப்பல்களில் வந்த வெள்ளியில் பெரும்பகுதி தாக்குதலுக்கு முன்பே கரை இறங்கிவிட்டது. கிடைத்தது கொஞ்சம்தான். ஆனாலும் பின்னால் வரும் தலைமுறைகள் இந்த வெற்றியை மறக்கக் கூடாது என்று அரச ஆணை போட்டு அந்தப் பெயரைப் பொறித்தார்கள். அதாவது, படிப்பதற்காகவே எழுதப்பட்டது!

படித்தார்களா? 2016-இல் இங்கிலாந்தில் ஒரு விகோ ஐந்து கினிக் காசு, விளையாட்டுச் சாமான் பெட்டி ஒன்றில் பல வருஷம் கிடந்து, பிறகு ஏலத்துக்கு வந்து, 2 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. பொம்மைப் பெட்டியில் புதையல் என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அந்தத் தங்கம் ஸ்பெயினுக்கு எப்படி வந்தது, அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகள் எந்தச் சுரங்கத்தில் முதுகு ஒடிந்தார்கள் என்பதெல்லாம் ஆச்சரியத்தில் சேரவில்லை. திருடனிடம் திருடியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காசு அது.

அடுத்து, 1723-இன் முதலாம் ஜார்ஜ் ஷில்லிங். பின்பக்கத்தில் கேடயங்களுக்கு நடுவே "எஸ்.எஸ்.சி." என்ற எழுத்துகள். சவுத் ஸீ கம்பெனி கொடுத்த வெள்ளி என்று அர்த்தம். பங்குச்சந்தை வரலாறு படிக்கிறவர்களுக்கு இந்தக் கம்பெனியைத் தெரியும். 1720-இல் வெடித்த பங்குக் குமிழியால் ஊரையே போண்டியாக்கியது. அதிகம் பேசப்படாத விஷயம், அந்தக் கம்பெனியின் கையில் இருந்த ஒப்பந்தம். 1713-இல் ஸ்பெயினோடு போட்ட ஒப்பந்தப்படி, ஸ்பானிய அமெரிக்காவுக்கு வருஷத்துக்கு 4,800 அடிமைகள் வீதம் 30 வருஷம் அனுப்பும் உரிமை இங்கிலாந்துக்குக் கிடைத்தது. அந்த உரிமை இந்தக் கம்பெனியிடம்தான் வந்தது. முதலாம் ஜார்ஜின் ஷில்லிங்குகளில் இதுதான் ரொம்ப சாதாரணமாகக் கிடைப்பது. அதனால்தான் பணக்காரச் சேகரிப்பாளர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை.

பிறகு இரண்டாம் ஜார்ஜ். 1729 முதல் அவருடைய சில தங்கக் காசுகளில் "ஈ.ஐ.சி." என்று இருக்கும். விரித்துச் சொல்லவே வேண்டாம், கிழக்கிந்தியக் கம்பெனி! 1745, 1746 காசுகளில் "லிமா". பெருநாட்டின் லிமா. அங்கிருந்து புறப்பட்ட புதையலைக் கடலில் மடக்கிப் பிடித்து, லண்டனுக்கு வண்டி வண்டியாக ஊர்வலம் விட்டுக் கொண்டுவந்தார்கள்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா அடையாளமும் கொள்ளையைக் குறிப்பதில்லை. சில காசுகளில் இறகுகள் இருக்கும், அது வேல்ஸ் நாட்டுச் சுரங்க வெள்ளி. ரோஜாப்பூ இருந்தால் மேற்கு இங்கிலாந்துச் சுரங்கம். 1729-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இன்னும் நாடு பிடிக்கும் கம்பெனியாக மாறவில்லை. மதராஸில் கோட்டை கட்டி உட்கார்ந்து தொண்ணூறு வருஷம் ஆகியிருந்தாலும், பிளாசிப் போர் நடக்க இன்னும் 28 வருஷம் இருந்தது. அந்தத் தங்கம் வியாபாரத்தில் வந்ததுதான். அதனாலென்ன? சுரங்கத்துக்கு இறகு, அடிமை வியாபாரக் கம்பெனிக்கு யானை, கடற்கொள்ளைக்கு ஊர்ப் பெயர் என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில், ஒரே பெருமையோடு பொறித்தார்கள் பாருங்கள், அதுதான் கவனிக்க வேண்டியது. அவர்களுக்கு இவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. மூன்று நூற்றாண்டு கழித்து அந்தக் காசைச் சேர்க்கிறவருக்கும் தெரியாமல் போனால், அது பொழுதுபோக்கு இல்லை, பரம்பரை மறதி.

"பொழுதுபோக்கில் அரசியல் எதற்கு?"

இப்படி யாராவது பேசினால் சேகரிப்பாளர் கூட்டத்தில் உடனே எழும் குரல் இது. "நிம்மதியாகக் காசு சேர்க்க விடுங்கப்பா, இங்கேயும் அரசியலா?"

அய்யா, காசில் அரசியலை வைத்தது விமர்சகர்கள் அல்ல, நாணயச்சாலை! ராஜா தலையைச் சுற்றி ஓடும் லத்தீன் எழுத்துகளை எப்போதாவது படித்ததுண்டா? 1893 முதல் பிரிட்டனின் உள்நாட்டுக் காசுகளிலேயே "இண்ட் இம்ப்" என்ற சுருக்கம் வர ஆரம்பித்தது. "இந்தியாவின் பேரரசர்" என்று அர்த்தம். விக்டோரியாவுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்த சட்டம் 1876-இல் வந்தது. லண்டனில் செய்தித்தாள் விற்கிற பையன் கையில் விழும் ஒவ்வொரு பென்னியும் "உன் ராஜா இந்தியாவின் சக்கரவர்த்தி" என்று அரை நூற்றாண்டுக்கு மேல் சொல்லிக்கொண்டே இருந்தது. இது அரசியல் இல்லாமல் அவியலா?

இந்தியா 1947-இல் விடுதலை அடைந்தது. ஆனால் 1948 தேதியிட்ட பென்னியை எடுத்துப் பார்த்தால் ஆறாம் ஜார்ஜ் இன்னும் இந்தியாவின் பேரரசர்தான்! 1949 பென்னியில்தான் அந்த வார்த்தைகள் காணாமல் போயின. எடுத்த இடம் காலியாகத் தெரியுமே, என்ன செய்தார்கள்? "மதத்தின் காவலர்" என்ற இன்னொரு பட்டம் அதுவரை இரண்டே எழுத்தில் சுருக்கமாக இருந்தது. அதைக் கொஞ்சம் நீட்டி எழுதி இடத்தை நிரப்பினார்கள். ஒரு சாம்ராஜ்யம் போன ஓட்டையை அடைக்க எழுத்தைக் கூட்டியிருக்கிறார்கள்! இந்த இரண்டு பென்னிகளும் விலை மதிப்பில்லாத சாதாரணக் காசுகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பாடப்புத்தகம் தராத பாடம் கிடைக்கும். ஆனால் பிரபலம் எது? 1933 பென்னி! ஏன்? அந்த வருஷம் ஏற்கனவே போதுமான பென்னிகள் புழக்கத்தில் இருந்ததால், கட்டடங்களின் அஸ்திவாரக் கல்லுக்கு அடியில் வைப்பது போன்ற காரியங்களுக்காகச் சிலதை மட்டும் அடித்தார்கள். எண்ணிக்கை குறைவு, அவ்வளவுதான் அதன் பெருமை.

இன்னொரு பென்னி இருக்கிறது. 1903 தேதியிட்டது, ஏழாம் எட்வர்டின் தலை உள்ளது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்கள் முதல் உலகப் போருக்குச் சற்று முன், ராஜாவின் முகத்தின் மேலேயே "பெண்களுக்கு ஓட்டு" என்று ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்துப் பதித்துப் புழக்கத்தில் விட்டார்கள். சேகரிப்பாளரின் கிரேடு கணக்குப்படி பார்த்தால் இது "சேதமடைந்த காசு", குப்பை. ஆனால் பிரிட்டிஷ் மியூசியம் 2010-இல் நூறு பொருட்களைக் கொண்டு உலக வரலாறு சொன்னபோது, அந்த நூறில் ஒன்றாக இந்தக் குப்பையைத்தான் தேர்ந்தெடுத்தது. பளபளக்கும் 1903 பென்னி ஒன்றை அல்ல.

கிரேடு போட்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைக்கும் வழக்கம் இன்னொரு கொடுமை. 1660களிலிருந்து பெரிய வெள்ளிக் காசுகளின் விளிம்பிலே "அழகும் காவலும்" என்று பொருள்படும் லத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டது. விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுகிறவர்களைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. காசை முழுக்கச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் பெட்டியில் அந்த விளிம்பே மறைந்துவிடும். படிக்க வேண்டிய பக்கத்தை ஒட்டிவிட்டுப் புத்தகத்துக்கு மார்க் போடுகிறார்கள்!

"வெள்ளைக்காரன் காசு நமக்கு எதற்கு?"

இது எதிர்ப்பக்கத்துக் குரல். நம்ம ஊரில் பிரிட்டிஷ் காசு சேர்க்கிற கல்லூரி மாணவரைப் பார்த்து "அடிமைப் புத்தி போகலையே" என்று சிரிக்கிற தேசபக்தர்கள் உண்டு. இவர்களும் காசைப் படிக்காதவர்களே.

முதலில், இந்தச் சிரிப்பைச் சிரிக்கிறவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை 'சவரன்' போட்டார்கள் என்று கேட்க வேண்டும். நகைக்கடையில் தங்கத்தை எடை போடும் அந்தச் சவரன், இங்கிலாந்தின் சவரன் காசின் பெயர்தான். அதன் எடை ஏறத்தாழ எட்டு கிராம், நம் சவரனும் எட்டு கிராம். 'பவுன்' என்பதும் அவர்கள் பவுண்டுதான். நாக்கில் குடியேறிய காசைக் கையில் எடுத்துப் பார்த்தால் மட்டும் அடிமைத்தனம் வந்துவிடுமா?

இரண்டாவது, இன்னும் முக்கியமானது. குற்றவாளி தன் கையால் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தை யாராவது "அவன் கையெழுத்து நமக்கு எதற்கு" என்று கிழித்துப் போடுவார்களா?

பிரிஸ்டல் நகரத்தில் 1895-இல் எட்வர்ட் கோல்ஸ்டன் என்பவருக்குச் சிலை வைத்தார்கள். மேலே சொன்ன ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் துணைத் தலைவராக இருந்தவர். சிலையின் பீடத்தில் அவரை நற்குணவான் என்று புகழ்ந்திருந்தார்கள். அடிமை வியாபாரம் பற்றி மூச்சு இல்லை. 2020 ஜூன் 7-ஆம் தேதி மக்கள் அந்தச் சிலையைக் கயிறு கட்டி இழுத்துக் கவிழ்த்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். உலகமே பார்த்தது. ஆனால் அதே கம்பெனியின் யானை போட்ட கினிகள் எந்தச் சலசலப்பும் இல்லாமல் லாக்கர்களில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றையும் தூக்கிப் போட வேண்டும் என்பதல்ல வாதம். நேர் எதிர். சிலை பொய் சொன்னது. காசு உண்மை சொன்னது. கம்பெனியின் பங்கைச் சிலை மறைத்தது, காசு ராஜாவின் தலைக்கு அடியிலேயே போட்டுக் காட்டியது. சிலையைவிடக் காசுக்கு நாணயம் அதிகம்!

தமிழ்நாட்டோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு காசும் இருக்கிறது. 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் மதராஸை நோக்கிப் புறப்பட்டு, இங்கிலாந்தின் கென்ட் கடற்கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. அதில் இருந்தது கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் ராஜதானிக்காக அடித்த செப்புக் காசுகள். பர்மிங்காமில் மேத்யூ போல்டன் தொடங்கிய சோஹோ நாணயச்சாலையில், நீராவி இயந்திரத்தில் அடித்தவை. தேதி 1808. மதிப்பு பத்து காசு, இருபது காசு. 'கேஷ்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும் அந்தச் சொல், நம் 'காசு' போர்ச்சுகீசியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்த சொல். பெயர் தமிழ், எழுத்து பாரசீகமும் ஆங்கிலமும், தயாரிப்பு பர்மிங்காம். தமிழ் பேசுகிற கைகளுக்காகச் செய்த காசில் தமிழ் எழுத்து ஒன்று கூட இல்லை. ஒரு காலனி ஆட்சி எப்படி நடந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியுமா?

1980களில் அந்தக் கப்பலிலிருந்து லட்சக்கணக்கான காசுகளை மேலே எடுத்தார்கள். பல காசுகள் நேற்று அடித்தது மாதிரி இருந்தன. "கப்பல் புதையல்" என்று சான்றிதழோடு விற்கப்பட்டன. அவை ஏன் புதுசாக இருக்கின்றன? மதராஸுக்குப் போய்ச் சேரவே இல்லை, அதனால். அதே 1808 காசு வேறு கப்பலில் வந்து, மயிலாப்பூரிலோ மதுரையிலோ உப்புக்கும் புளிக்கும் கை மாறி, மூக்கும் முழியும் தெரியாமல் தேய்ந்து இன்று பழைய பாத்திரக் கடையில் கிடந்தால் அதை யாரும் சீண்டுவதில்லை. ஊருக்கு வந்து உழைத்த காசுக்கு மரியாதை இல்லை, கடலில் தூங்கின காசுக்குச் சான்றிதழ்!

விலை வெறி எங்கே கொண்டு விடும்?

"சரி, படிக்காமல் விலையை மட்டும் பார்த்தால் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கலாம். நஷ்டம் எல்லோருக்கும்தான்.

2015-இல் இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷயரில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு போன இரண்டு பேருக்கு வைக்கிங் காலத்துப் புதையல் ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 300 காசுகள் இருந்திருக்கும் என்று கணக்கு. சட்டப்படி அரசுக்குத் தெரிவித்திருந்தாலே பெரிய வெகுமதி கிடைத்திருக்கும். அவர்களோ ரகசியமாக விற்கக் கிளம்பினார்கள். 2019-இல் அவர்களுக்குச் சிறைத் தண்டனை. மறைக்க உதவியவர்களும் குற்றவாளிகள் ஆனார்கள். அப்போது போலீஸ் கைக்கு வந்த காசுகள் 30 சொச்சம்தான்.

போனது பணம் மட்டும் என்றால் பரவாயில்லை. அந்தக் காசுகளில் ஒரு வகையில் வெஸெக்ஸ் அரசர் ஆல்ஃபிரெடும் மெர்சியா அரசர் கியோல்வுல்ஃபும் கூட்டாளிகளாகக் காட்சி தருகிறார்கள். ஆல்ஃபிரெடின் ஆட்கள் எழுதிய வரலாற்றில் கியோல்வுல்ஃப் ஒரு முட்டாள், வைக்கிங்குகளின் கைப்பொம்மை. "இல்லை, இரண்டு பேரும் கூட்டாளிகள்" என்று காசு சாட்சி சொல்கிறது! ஜெயித்தவன் எழுதிய சரித்திரத்தைத் திருத்தக்கூடிய சாட்சிகள். அவற்றில் பெரும்பகுதி சட்டைப்பைக்குள் போய்ச் சிதறியது. கேள்வி கேட்காமல் வாங்க ஆள் இருந்தால்தானே திருடி விற்க ஆள் வருவான்?

நம்ம ஊர்ப் பக்கமும் இதே வியாதிதான், வேஷம் மட்டும் வேறு. கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று போட்டு, மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ இருக்கிற செப்புக் காசை "கோடி ரூபாய் போகும்" என்று நம்பி வைத்திருப்பவர்கள் ஏராளம். அவை பிற்காலத்தில் யாரோ செய்த டோக்கன்கள். கம்பெனியின் அசல் காசு எப்படி இருக்கும் என்று ஒரு முறை படித்தவர் ஏமாற மாட்டார். பழைய காசுக்கு லட்சங்கள் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி ஏமாற்றும் கும்பல் பெருகி, 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட வேண்டி வந்தது. பத்து லட்சம் பவுண்டு சவரன் செய்தியைப் பார்த்து வாயில் எச்சில் ஊற வைக்கிற பழக்கத்தின் கடைசிப் படிக்கட்டு இது.

பிறகு என்ன செய்வதாம்?

சேர்க்க வேண்டியதுதான்! தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் வாங்கும் முன் கேட்கும் முதல் கேள்வியை மாற்ற வேண்டும். "இது எவ்வளவு போகும்?" என்பதற்குப் பதில் "இது என்ன சொல்கிறது?"

ஒரு 1948 பென்னியும் ஒரு 1949 பென்னியும் போதும், சாம்ராஜ்யம் முடிந்த கதை கைக்கு வந்துவிடும். ஒரு 1919 ஷில்லிங், ஒரு 1920 ஷில்லிங், ஒரு 1947 ஷில்லிங் என மூன்றை வரிசையாக வைத்தால், முதலாவதில் வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை, அடுத்ததில் பாதி, கடைசியில் ஒன்றுமே இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பிக் கொடுக்கத்தான் 1947-இல் மக்கள் சட்டைப்பையிலிருந்த வெள்ளியை எடுத்துவிட்டுச் செம்பு-நிக்கலைக் கொடுத்தார்கள். இரண்டு உலகப் போர்களின் செலவுக் கணக்கு மூன்று ஷில்லிங்கில் முடிகிறது. தேய்ந்த காசே போதும். உலோகம் தேய்ந்தாலும் கணக்கு தேயாது.

யானைக் கினியை வாங்கும் வசதி உள்ளவர் அதையும் வாங்கட்டும். ஆனால் ஆல்பத்தில் அதன் அடியில் "அரிய வகை" என்று எழுதுகிற இடத்தில், அந்த யானை யாருடையது, அது எத்தனை பேரைக் கடல் கடத்தியது என்று ஒரு வரி சேர்த்து எழுதட்டும். பேரன் பேத்தி அந்த ஆல்பத்தைத் திறக்கும்போது விலை மாறியிருக்கும். அந்த ஒரு வரி மாறாது.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல், நாணயம். பழைய பிரிட்டிஷ் காசு அந்தச் சொல்லுக்குத் தகுந்தபடிதான் நடந்துகொண்டிருக்கிறது. எங்கிருந்து வந்தேன் என்பதை ராஜாவின் கழுத்துக்குக் கீழே எழுதிக்கொண்டுதான் ஊர் சுற்றியது. அதைச் சேர்க்கிறவருக்கும் கொஞ்சம் நாணயம் இருந்தால் நல்லது.